என் ஆய்வில் புகுந்த யானை

இந்த ஆண்டு நம் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு ஆசிரியர்களே, அதிலும் சேர்ந்த கையோடு தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. கணிதமும் புள்ளியியலும் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கும் மூன்று வீரர்களே,

உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். "ஓய்வு பெற்றவங்க அனுபவத்தைச் சொன்னா புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தெட்டு வயதில் என்னை யார் ஓய்வு கொடுத்து அனுப்பியது, எனக்கே தெரியாமல் மாலை மரியாதையெல்லாம் முடிந்துவிட்டதா என்று பதறி, எழுத்தர் அறை வரை ஓடிவிட்டேன். அவர் சொன்னது படிப்பிலிருந்து ஓய்வு. அது உண்மைதான். இரண்டு வருடப் படிப்பில் ஐந்து வருடம் பணியாற்றி, இந்த ஆண்டுதான் முறைப்படி ஓய்வு பெற்றிருக்கிறேன். ஓய்வூதியம் கிடையாது. முழங்கால் வலி உண்டு.

பாடத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்களை மிரட்டுகிற வேலையைப் புத்தகங்களே ஒழுங்காகச் செய்யும். ரியல் அனாலிசிஸ் என்கிற மெய்ப்பகுப்பாய்வுத் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும், எனக்கு வேறு படிப்பின் தாளைக் கொடுத்துவிட்டார்கள் என்று கண்காணிப்பாளரோடு சண்டை போட்டேன். அவர் பொறுமையாக வினாத்தாளின் தலைப்பைப் படித்துக் காட்டி, என் தோளைத் தட்டி உட்கார வைத்தார். அந்தத் தாளை எத்தனை முறை எழுதினேன் என்பதைக் குடும்ப அமைதி கருதித் தவிர்க்கிறேன்.

நான் சொல்லவந்தது கடைசியில் செய்யவேண்டிய ஆய்வு பற்றி. தேர்வெல்லாம் ஒரு வழியாகத் தேறி, ஆய்வு ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் எனக்குக் கடைசி ஆண்டு வந்தது. அந்த ஆண்டுக்குள் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி. எழுதித் தேறிய தாள்கள் எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், என் மைத்துனர். அவர் மகளின் சடங்குக்குப் போடியில் வைத்த ஃபிளெக்ஸில் என் படத்தைப் போட்டு, கீழே 'கணித மேதை, எம்.எஸ்சி.' என்று அச்சடித்துவிட்டார்.

"மாப்ளே, இன்னும் முடிக்கலையே!" என்றேன்.

"எப்படியும் முடிச்சிருவீங்கள்ல மாப்ளே, அதான் முன்னாடியே போட்டுட்டேன்."

மனசாட்சி உறுத்தியதால் நானே ஏணி வைத்து ஏறி, எம்.எஸ்சி.க்குப் பக்கத்தில் '(முடியும் தறுவாயில்)' என்று ஒரு தாளை ஒட்டினேன். சடங்கு முடிந்ததும் ஃபிளெக்ஸைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். கழற்றினார்கள். கழற்றித் தேவாரம் சாலையோரம் இருக்கும் தன் மாட்டுக்கொட்டகைக்கு மேற்கூரையாக, என் முகம் சாலையைப் பார்க்கும்படி கட்டிவிட்டார் மைத்துனர். மழைக்கு என் படம்கூட வெளுத்தது. நான் ஒட்டிய தாள் மட்டும் அசையவில்லை. அவ்வளவு நல்ல பசை. பஸ்சில் போகிற ஊரெல்லாம் அதைப் படித்தது. காய்கறிக்கடையில் நின்றால், "என்ன சார், இன்னும் தறுவாய்லதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் தக்காளியை நிறுத்தார்கள்.

இந்த நிலையில் எனக்கு அமைந்த ஆய்வு வழிகாட்டி, நான் எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண். இப்போது கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. முதல்நாள் அவர் அறைக்குப் போனேன். "வணக்கம் மேடம்" என்று நின்றேன். "வாங்க சார்" என்று அவரும் எழுந்து நின்றார். "நீங்க உக்காருங்க மேடம்." "நீங்க மொதல்ல உக்காருங்க சார்." இப்படியே நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் பெருக்க வந்த அம்மாதான், "ரெண்டு பேரும் உக்காந்தாலும் சரி, வெளிய போனாலும் சரி, எனக்குச் சோலி கெடக்கு" என்று தீர்த்துவைத்தார்.

போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டம். அதில் இந்த ஆண்டு எவ்வளவு காய் தேறும் என்பதைச் சில செடிகளை மட்டும் பார்த்துக் கணக்கிட வேண்டும். இதுதான் தலைப்பு. தோட்டத்து முதலாளியம்மாவின் மகன் நம் பள்ளியில் படித்தவன், என்னால் கணக்கில் தேறியவன். கணக்குத் தெரிந்து தேறினான் என்று நான் சொல்லவில்லை. அதனால் அனுமதி எளிதாகக் கிடைத்தது.

மேடம் ஒரே ஒரு கட்டளை போட்டார். "சார், அறுபது செடி போதும். ஆனா எந்தச் செடின்னு நீங்க முடிவு பண்ணக் கூடாது. ரேண்டம் எண்கள்தான் முடிவு பண்ணணும். பாதையோரமா வசதியா எடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படி மேடம் தெரியும்?"

"உங்க காலைப் பாத்தா தெரிஞ்சிடும் சார். அட்டை கடிச்ச தழும்பு இருக்கணும்."

தோட்டத்தின் எந்தப் பகுதி, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது செடி என்று குலுக்கிப்போட்ட மாதிரி எண்களை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். அந்த எண்களுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. தோட்டத்திலேயே படுமோசமான இடம் கீழ்ப்பள்ளம். சறுக்கல், இருட்டு, அட்டை மூன்றும் அங்கே கூட்டுக்குடும்பம். தோட்டத்து ஆட்களே அறுவடைக்குத்தான் அங்கே இறங்குவார்களாம். என்னுடைய எண்கள் திரும்பத் திரும்ப அங்கேதான் என்னை அனுப்பின. பாதிச் சரிவை உட்கார்ந்தபடியே இறங்கினேன். அந்தக் கோலத்தில் ஒரு கணித மேதையை யாரும் பார்க்கவில்லை என்பது ஒரே ஆறுதல்.

தேர்ந்தெடுத்த செடிகளை அடுத்தமுறை கண்டுபிடிக்க அடையாளம் வேண்டுமே? பள்ளி விளையாட்டு விழாவில் மிச்சமான ரிப்பன் ஒரு சுருள் என்னிடம் இருந்தது. அதை வெட்டி, எண் எழுதி, அறுபது செடியிலும் ஒரு பூவாகக் கட்டினேன். நல்ல சிவப்பு ரிப்பன். பச்சைக்கு நடுவே கண்ணைப் பறித்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஏலச்செடிக்குக் கட்டே என்று ஒரு நோய் வரும். இளம் இலையில் வெளிறிய பச்சைக் கோடுகளாகத் தெரியும். மருந்து கிடையாது. ஒரு செடிக்கு வந்தால் பக்கத்துச் செடிக்கும் பரவும். ஆகவே பார்த்தவுடன் தூரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். நோயைப் பார்க்கிற ஆள் ஒருவர், பிடுங்குகிற ஆள் வேறொருவர். பார்க்கிற ஆள் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவார். பின்னால் வருகிற ஆட்கள் கேள்வி கேட்காமல் அதைத் தோண்டி எடுப்பார்கள்.

அந்தத் தோட்டத்தில் அதற்குக் கட்டுகிற துணியின் நிறம் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் கங்காணி முத்தையா. நான் ரிப்பன் கட்டிய நாட்களில் அவர் கோயில் கும்பிடு என்று சிலமலைக்குப் போயிருந்தார்.

முதல் காய் எடுப்பு அன்று, எண்ணிக்கை எடுப்பதற்காகப் போடியிலிருந்து ஆட்கள் போகும் ஜீப்பிலேயே ஏறினேன். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறமுடியும் என்பது கணிதத்துக்கு எட்டாத விஷயம். என் ஒரு கால் மட்டும்தான் எனக்குச் சொந்தமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் ஒரே உடம்பாகச் சாய்ந்து நிமிர்ந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த செல்வி என்ற பெண்ணின் சடையில் அழகான சிவப்பு ரிப்பன். பக்கத்துப் பெண்ணின் சடையிலும் அதே ரிப்பன்.

'பரவாயில்லையே, நம் பள்ளியில் வாங்கிய அதே ரிப்பன் இவர்களுக்கும் கிடைத்திருக்கிறதே' என்று நினைத்துக்கொண்டேன். கவனியுங்கள். தரவுகளிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று ஐந்து வருடம் படித்தவன் நான்.

தோட்டத்தில் இறங்கியதும் முத்தையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீக. தோட்டத்தையே சுத்தம் பண்ணிட்டோம்ல!"

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. நான் என் செடியைப் பாத்துட்டு வந்துர்றேன்."

முதல் செடி இருந்த இடத்தில் ஒரு குழி. எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாவதற்குப் போனேன். குழி. மூன்றாவது, குழி. நாலாவது குழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நானே அதில் விழுந்தேன். விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடி யோசித்தபோதுதான் செல்வியின் சடை ஞாபகத்துக்கு வந்தது. என்ன நடந்தது என்று இன்னும் புரியவில்லை.

திரும்ப ஓடிவந்தேன். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில் செடிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. எரிக்கப் பார்த்திருக்கிறார்கள். மழை ஈரத்தில் எரியாமல் புகைந்து நின்றுவிட்டது. குவியலிலிருந்து என் சிவப்பு ரிப்பன்கள், நான் எழுதிய எண்களோடு, என்னைப் பார்த்துச் சிரித்தன.

"அண்ணே... இதை ஏன் புடுங்குனீங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீக? செவப்பு கட்டியிருந்துச்சுல்ல? நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பாத்து அத்தனை செடிக்குக் கட்டே விழுந்துருக்கு. முதலாளியம்மா பாத்தா, இத்தனை நாளு என்னத்தடா பாத்தேன்னு என்னைய வீட்டுக்கு அனுப்பிரும். அதான் வெரசா எல்லாத்தையும் அள்ளிட்டேன்."

"அந்த ரிப்பனைக் கட்டுனது நான்தான் அண்ணே. அது நோய் இல்ல. என் படிப்பு."

முத்தையாவின் முகத்தை நான் வருணிக்கப்போவதில்லை. ஒரு கண்ணாடி இருந்திருந்தால் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார். "சரிங்கம்மா... சரிங்கம்மா..." வைத்தார்.

"முதலாளியம்மா செக்போஸ்ட்டைத் தாண்டிருச்சாம்."

தம்பிகளே, தங்கைகளே, நெருக்கடி நேரத்தில் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று பலர் எழுதியிருப்பார்கள். என் மூளை அன்று செய்த வேலை இது: "அண்ணே, திருப்பி நட்டுருவோமா?"

அதைவிட ஆச்சரியம், முத்தையா, "நல்ல ரோசனை சார்!" என்றார்.

ஸ்டோருக்கு எதிர்மேட்டில் இருந்த குழிகள்தான் கண்ணில் படும். ஆளுயரத்துக்கும் மேலே இருக்கும் அந்தத் தூர்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழியில் நிறுத்தினோம். நிற்காததற்குக் குச்சியை முட்டுக் கொடுத்தோம். குச்சிக்கும் நிற்காததை ஒன்றோடொன்று சாய்த்து வைத்தோம். நிறுத்திய செடிகளின் ரிப்பன்களைப் பிய்த்து என் பையில் திணித்தேன். புகையில் கருகிய இலைகளை உள்பக்கமாகத் திருப்பினோம். கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுகிற மாதிரி இருந்தது. தள்ளி நின்று பார்த்த முத்தையா, "முன்னைக்கு இப்பத்தான் சார் எடுப்பா இருக்கு" என்றார். செல்வியும் மற்றப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளியம்மா தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். குள்ளமான உருவம், இடுப்பில் செருகிய சேலை, காலில் ரப்பர் பூட்ஸ்.

"என்ன வாத்தியாரே, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே எதிர்மேட்டில் கால் வைத்தார். சரிவில் ஏறுகிறவர்கள் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அவரும் பிடித்தார்.

செடி அவர் கையோடு வந்தது. அதில் சாய்ந்திருந்த அடுத்த செடி விழுந்தது. அதில் சாய்ந்திருந்தது அதற்கடுத்து விழுந்தது. மேடு முழுவதும் வரிசையாக மரியாதை செலுத்தி அடங்கியது. முதலாளியம்மா கையில் செடியோடு நின்றார்.

"முத்தையா."

"ஆனைங்கம்மா!" என்றார் முத்தையா. "ராத்திரி ஆனை வந்து எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுருச்சும்மா!"

அந்தப் பக்கம் யானை வருவது உண்டுதான். முதலாளியம்மா தலையை ஆட்டினார். கையிலிருந்த செடியைத் திருப்பினார். நான் அவசரத்தில் பிய்க்க மறந்த ஒரு ரிப்பன் அதில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆனை புடுங்குறதுக்கு முன்னாடி, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு ரிப்பன் வேற கட்டுச்சாக்கும்?"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. முத்தையா என்னைப் பார்த்தார். அவருக்கு வேலை போகப்போகிறது. நான் வாயைத் திறந்தால் எனக்குத் தோட்டம் போகப்போகிறது. தோட்டம் போனால் ஆய்வு போச்சு, ஆய்வு போனால் அஞ்சு வருடம் போச்சு, மாட்டுக்கொட்டகையில் நான் ஆயுசுக்கும் தறுவாயில்தான். துணிச்சலாக முன்னால் வந்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் என் கால் ஈரத்தில் சறுக்கி, நான் தானாகவே முன்னால் வந்து நின்றேன்.

"அம்மா, அந்த ஆனை நான்தாம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் அதையும் ரசித்தார்கள். முதலாளியம்மா கையிலிருந்த செடியின் குருத்து இலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கீழே போட்டார். அடுத்த செடி. அதையும் பிடித்தார். ஐந்தாவதோ ஆறாவதோ செடியில் கை நின்றது.

"முத்தையா, இங்க வா. இது என்ன?"

இலையில் மெல்லிய வெளிறிய கோடுகள். முத்தையா குனிந்து பார்த்து, "கட்டேம்மா" என்றார், ஏதோ உறவினரைக் கூட்டத்தில் கண்ட மாதிரி சந்தோஷமாக. "நான் சொன்னேன்ல!"

"நீ எங்கடா சொன்ன? நீ சொன்னது ஆனை."

குவியலை முழுக்கக் கலைத்துப் பார்த்தோம். பிடுங்கிய செடிகள் ஐம்பத்திரண்டு. அதில் பதினொன்றில் நோய். குவியலில் ரிப்பனோடு கிடந்த நோய்ச் செடிகளின் எண்களை வைத்து அவை எங்கே இருந்தவை என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே கீழ்ப்பள்ளம்.

"அங்க எங்க ஆளுகளே போறதில்லையே. நீங்க எதுக்கு வாத்தியாரே அங்க போனீங்க?"

"ரேண்டம் எண் போகச் சொல்லுச்சும்மா."

"நல்லவேளை, அந்த எண்ணாவது உங்கள அங்க போகச் சொல்லுச்சே. நான் வந்தா இவன் ஸ்டோரைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறதில்ல." முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "அதுக்காக ரொம்பக் குளுந்து போகாதீங்க. பதினோரு நோயாளியைப் புடிக்க நாப்பத்தோரு நல்ல செடியைக் கொன்னுருக்கீங்க ரெண்டு பேரும். அத்தனை குழிலயும் ரெண்டு பேருமே கன்னு வச்சு மூடணும். ஆள் வைக்கக் கூடாது."

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நானும் முத்தையாவும் கன்று சுமந்து கீழ்ப்பள்ளத்தில் இறங்கினோம். அட்டைகள் என்னைப் பழைய பாக்கி மாதிரி தேடி வந்தன. எங்களை அங்கே இறக்கிவிட்டு, முதலாளியம்மா வேறு ஆட்களை வைத்துப் பள்ளம் முழுவதும் நோயைத் தேடிச் சுத்தம் செய்தார்.

எனக்கோ புது உற்சாகம். எவ்வளவு காய் தேறும் என்ற தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஆய்வை மாற்றிக்கொண்டேன். 'செடிகளை முழுமையாக அகற்றிப் பரிசோதிக்கும் சிறப்பு முறை திட்டமிட்டுக் கையாளப்பட்டது' என்று இரண்டாம் அத்தியாயத்தில் கம்பீரமாக எழுதி, வழிகாட்டி மேடத்திடம் கொண்டு கொடுத்தேன். படித்தார்.

"சார், உண்மையிலயே திட்டமிட்டுத்தான் புடுங்குனீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எட்டாங்கிளாஸ்ல ஒருநாள், புத்தகத்துக்குப் பின்னாடி இருந்த விடையைப் பாத்து எழுதிட்டு, வழிமுறையை அதுக்கு ஏத்த மாதிரி நான் இட்டுக்கட்டினேன் சார். நீங்க என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. பீரியட் முடியும்வரை முட்டி போட வைத்தேன்.

"இப்ப உங்கள அப்படிச் சொன்னா எனக்குப் பாவம் பிடிக்கும். ரெண்டாம் அத்தியாயத்தை நடந்தது நடந்தபடி எழுதிட்டு வாங்க சார்."

எழுதினேன். ரிப்பன், கங்காணி, குழி எல்லாம் அதில் உண்டு. யானையை மட்டும் அடிக்குறிப்பில் வைத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சிரிப்பே வராத முகம். ஆய்வேட்டைப் புரட்டினார். அடிக்குறிப்பில் கொஞ்ச நேரம் நின்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

"அறுபது செடி தேர்ந்தெடுத்தீர்கள். ஐம்பத்திரண்டுதான் பிடுங்கப்பட்டது. மீதி எட்டு?"

"அந்த எட்டுலயும் ரிப்பன் இல்ல சார். அதனால தப்பிச்சிருச்சு."

"ரிப்பன் எங்கே போனது?"

"பொண்ணுங்க தலைக்கு சார்."

"அந்த எட்டுச் செடியும் எங்கே இருந்தவை?"

கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை முடிந்து போகிற பெண்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையோரத்து ரிப்பன்களைத்தான் எடுத்திருக்கிறார்கள். கீழ்ப்பள்ளத்துக்குப் போய் யார் ரிப்பன் எடுப்பார்கள்? அப்படியென்றால் என் கணக்கிலிருந்து விடுபட்டவை எல்லாம் நல்ல இடத்துச் செடிகள். மோசமான இடத்தை மட்டும் அதிகம் எண்ணிவிட்டு, தோட்டம் முழுக்க இவ்வளவு நோய் என்று எழுதியிருக்கிறேன்.

"பாதையோரம் சார்."

"சரி. அந்த எட்டையும் போய்ப் பார்த்தீர்களா? அவற்றில் நோய் இருந்ததா?"

பார்க்கவில்லை. ஆனால் பாதையோரச் செடி, கங்காணி தினமும் தாண்டிப்போகிற செடி, அதில் நோய் இருக்கவா போகிறது? 'பார்த்தேன் சார், எட்டும் நல்ல செடி' என்று ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அன்று சாயங்காலமே நான் எம்.எஸ்சி. வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தற்செயலாக மேடம் பக்கம் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கல சார்" என்றேன்.

பேராசிரியர் ஆய்வேட்டை மூடினார். "பார்த்துவிட்டு வாருங்கள். நாளை சாயங்காலம்வரை இந்த ஊரில்தான் இருக்கிறேன். கையெழுத்து அதற்கப்புறம்."

மறுநாள் விடியற்காலை ஜீப்பில் செல்விக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். என்னிடம் இடத்தின் எண்கள் இருந்தன. ஆனாலும் செல்வி முன்னால் நடந்தார். "இதுலருந்து எடுத்தேன் சார், இது எங்க மதினி எடுத்தது" என்று கோயில் பிராகாரம் சுற்றிக் காட்டுகிற மாதிரி காட்டினார். முத்தையா ஒவ்வொரு குருத்தையும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல செடி. நல்ல செடி. நல்ல செடி. நேற்றே ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் இந்த ஜீப் இடிபாடாவது மிச்சமாகியிருக்குமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஏழாவது செடியில் முத்தையாவின் கை நின்றது.

"சார். இங்க பாருங்க."

வெளிறிய கோடுகள். பாதையிலிருந்து கையெட்டும் தூரம். தினமும் அத்தனை பேர் உரசிக்கொண்டு போகிற செடி.

"அய்யய்யோ, இது நான் ரிப்பன் எடுத்த செடில்ல!" என்றார் செல்வி. "அப்ப அதைக் கழட்டாம இருந்திருந்தா இத அன்னைக்கே புடுங்கிருப்பாகளா?" உடனே சடையிலிருந்து ரிப்பனை அவிழ்த்து, அந்தச் செடியிலேயே கட்டிவிட்டார். இந்த முறை சரியான செடியில்.

அன்று சாயங்காலம் பேராசிரியர் முன் நின்றேன். எட்டாவது நல்ல செடி. ஆக, அறுபதில் பன்னிரண்டு. ஐந்தில் ஒரு செடி. அவர் முந்தைய கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பெரிய வித்தியாசம் இல்லையே?"

"இல்ல சார். போகாமலே இருந்திருக்கலாம்."

"போனதால்தானே அது தெரிந்தது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்த யானை அடிக்குறிப்பை எடுத்துவிடாதீர்கள்." அப்போதுதான் அவர் உதடு கொஞ்சம் கோணியது.

நீங்களும் ஒருநாள் ஏதாவது ஒரு கேள்விக்கு முன்னால், நாக்கு நுனியில் ஒரு வாக்கியத்தோடு நிற்பீர்கள். அது ஏறக்குறைய சரியாகவும் இருக்கும். எனக்கு இருந்தது ஏழு பங்கு சரி, ஒரு பங்கு தப்பு. அந்த நேரத்தில் உங்கள் பழைய மாணவர் யாராவது அறையில் இருந்தால் முழங்காலை மறைத்துக்கொள்ளாதீர்கள். வேறு அறிவுரை என்னிடம் இல்லை. விளையாட்டு விழா ரிப்பன் இன்னும் கால் சுருள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆய்வுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். போகிற இடத்தில் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பட்டம் வந்த வாரம், மைத்துனரின் கொட்டகைக்கு ஏணியோடு போனேன். அந்தத் தாளைக் கிழிக்கலாம் என்றால், தாளோடு ஃபிளெக்ஸும் சேர்ந்து கிழிந்தது. மாடு என்னை ஒரு பார்வை பார்த்தது. "விடுங்க மாப்ளே, புதுசா ஒண்ணு அடிச்சிருவோம்" என்றார் மைத்துனர். வேண்டவே வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

வரும் வழியில் ஜீப் ஸ்டாண்டில் ஒரே கூட்டம், சிரிப்பு. முத்தையாவும் செல்வியும் தோட்டத்து ஆட்களும் சேர்ந்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மூலையிலும் சிவப்பு ரிப்பன். நடுவில் என் படம், பக்கத்தில் தும்பிக்கையைத் தூக்கியபடி ஒரு யானை. கீழே கொட்டை எழுத்தில்:

'எங்கள் தோட்டத்தில் புகுந்த யானை எம்.எஸ்சி. பட்டம் பெற்றதை வாழ்த்துகிறோம்.'

அடைப்புக்குறி எதுவும் இல்லை.